சூஹுவா சாலை: அன்றும் இன்றும்

தைவான் தீவின் வடகிழக்கில் உள்ள சூ-ஆவ் துறைமுகத்திலிருந்து தெற்கே ஹுவாலியன் நகரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சமவெளியாக இருந்தால், சைக்கிளில் பழகிய கால்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இங்கே விடியும்போதே கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் சேரலாம். ஒரு பக்கம் செங்குத்தாக எழும் மலை, மறுபக்கம் பசிபிக் பெருங்கடல். சமதளம் என்று சொல்ல ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் மண் உண்டு. ஊர்களும் அங்கேதான். மற்ற இடமெல்லாம் மலையின் விலாவைச் செதுக்கியும் குடைந்தும் போகிறது சூஹுவா சாலை.

இந்த 150 ஆண்டுகளில் இந்தச் சாலையை நான்கு முறை போட்டிருக்கிறார்கள். பழையதை முற்றிலும் அழித்துவிட்டுப் புதியதைப் போடவில்லை. பழைய பாதையின் துண்டுகள் புதியதற்குப் பக்கத்திலும், சில இடங்களில் அதற்கு மேலேயும் கிடக்கின்றன. காரில் போகிறவருக்கு அவற்றைப் பார்க்க நேரம் இருக்காது. தனியே சைக்கிள் மிதித்துப் போகிறவருக்கு, ஏற்றத்தில் மூச்சு வாங்கி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒன்று கண்ணில் படும்.

முதல் பாதை 1874-ல் வந்தது. அந்த ஆண்டு ஜப்பானியப் படை தைவானின் தென்பகுதியில் வந்து இறங்கியது. கிழக்குக் கரையைப் பற்றி அதுவரை பெரிதாகக் கவலைப்படாத, சீனாவின் சிங் பேரரசு, ஷென் பாவ்ஜென் என்ற உயரதிகாரியை அனுப்பி, மலைகளைக் கடந்து கிழக்கே போக மூன்று பாதைகள் வெட்டச் சொன்னது. வடக்குப் பாதை தளபதி லுவோ தாச்சுன் பொறுப்பில் வந்தது. படைவீரர்களே மண்வெட்டி பிடித்தார்கள். சூ-ஆவிலிருந்து இன்றைய ஹுவாலியன் வரை 205 லீ, அதாவது நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்தைச் சில மாதங்களில் திறந்துவிட்டார்கள். அது ஆள் நடக்கிற பாதை, அவ்வளவுதான். அந்த மலையும் கரையும் அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அதாயல், த்ருகு பழங்குடி மக்களின் நிலம். அவர்கள் எதிர்த்து நின்றார்கள். வழிநெடுகக் காவல் வீடு போட்டுப் படையை நிறுத்தியவரை பாதை இருந்தது. படை குறைந்ததும் காடு மூடிக்கொண்டது.

1895-ல் தீவு ஜப்பானின் கைக்குப் போயிற்று. 1914-ல் தாருகோ மலைகளில் த்ருகு மக்கள்மீது பெரும் படையெடுப்பு நடந்தது. அது முடிந்த இரண்டு ஆண்டுகளில் கரையோரப் பாதை வேலை மறுபடி தொடங்கியது. முதலில் நடைபாதைதான். பிறகு அதை அகலப்படுத்தி, ஓடைகளுக்கு மேல் பாலம் போட்டு, 1930-களின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி ஓடும் சாலையாக்கினார்கள். இந்தச் சாலையை அழகானது என்று புகழ்கிறவர்கள் அது யாருடைய நிலத்தில், எந்தப் போருக்குப் பின் போடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

அந்தச் சாலையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்க வழியில்லை. ஆகவே வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து, நேரம் குறித்து விட்டார்கள். வடக்கிலிருந்து ஒரு வரிசை, தெற்கிலிருந்து ஒரு வரிசை. நடுவழியில் இடமிருந்த ஊர்களில் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்து நிற்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்து, ஜப்பானியர் போய், தைவானில் ஆட்சி மாறிய பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. ஜின்மா என்று பெயரிட்ட அரசுப் பேருந்துகள் ஓடிய காலத்திலும் வரிசை வரிசையாகத்தான் போயின. நான்-ஆவ் போன்ற ஊர்களுக்கு அந்தக் காத்திருப்பே பிழைப்பு. வரிசை வந்து நிற்கும், பயணிகள் இறங்குவார்கள், சோறும் நூடுல்ஸும் விற்றுத் தீரும், எதிர்வரிசை தூசியோடு கடந்து போகும், மறுபடி எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். சூ-ஆவிலிருந்து ஹுவாலியன் போக ஒரு பகலின் பெரும்பகுதி செலவாயிற்று.

1980 பிப்ரவரியில் மலையைக் குடைந்து ரயில் பாதை வந்தது. பயணிகள் ரயிலுக்கு மாறிக்கொண்டார்கள். சாலையையும் படிப்படியாக அகலப்படுத்தி, 1990-ல் இருபக்கப் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். காத்திருப்பு முடிந்தது. எதிரும் புதிருமாக லாரிகள் வரத் தொடங்கின.

இனி இன்றைய நாள். சூ-ஆவ் ஊரைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. வலுவான கான்கிரீட் தூண்கள்மேல் ஏறிச் சுரங்கத்துக்குள் நுழைவது புதிய சாலை. அதன் வாயிலில் சைக்கிளுக்குத் தடை என்று பலகை இருக்கிறது. 9 என்ற நெடுஞ்சாலை எண்ணும் புதியதோடு போய்விட்டது. பழைய மலைச்சாலைக்கு 9-இன் கிளை என்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். சைக்கிளுக்கு விதிக்கப்பட்டது இந்தக் கிளை.

புதிய சாலையில் கார் தோங்-ஆவ் ஊரைப் பத்து நிமிடத்தில் தொட்டுவிடும். பழையதில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்க எனக்குக் காலைப்பொழுதில் நல்ல பங்கு போய்விடுகிறது. சிறிய கியரில் போட்டு, எழுந்து மிதிக்காமல், உட்கார்ந்தபடியே நிதானமாக ஏறினால் கால் தாங்கும். 2018 பிப்ரவரியில் புதிய சாலையின் இந்தப் பகுதி திறப்பதற்கு முன் இதே ஏற்றத்தில் சிமென்ட் லாரியும் ஜல்லி லாரியும் சுற்றுலாப் பேருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு ஏறும். சைக்கிள்காரர் சாக்கடை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே போகவேண்டும். இப்போது அந்தச் சாலையில் நெடுநேரம் ஒரு வண்டியும் வருவதில்லை. செயின் உரசும் ஓசையும் கீழே அலையும் பறவைகளும் கேட்கின்றன. தடுப்புச் சுவரில் பாசி படர்ந்து, கல்லின் இடுக்கிலிருந்து பெரணி தலை நீட்டுகிறது. தார் ஓரங்களை மண் மூடி வருகிறது. வளைவில் திரும்பியதும் தோங்-ஆவ் விரிகுடா முழுவதும் கண்ணுக்கு அகப்படும். மலை மூன்று பக்கமும் வளைத்துப் பிடிக்க, கரையோரம் வெளிர்பச்சையாகவும் சற்றுத் தள்ளி அடர்நீலமாகவும் கிடக்கிற தண்ணீர். முன்பும் இது இங்கேதான் இருந்தது. நின்று பார்க்க ஒரு சைக்கிள்காரருக்கு இடம் இருந்ததில்லை.

கிடைத்தது இது. கொடுத்த விலையும் அதே சாலையில் தெரிகிறது. லாரி ஓட்டுநர்கள் நிறுத்தித் தேநீர் குடித்த கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிக் கிடக்கின்றன. ஊர்களைச் சுற்றிப் போகிற வண்டிகளுக்கு அந்த ஊர்களில் ஒரு வேலையும் இல்லை. மழைக்குப் பின் பழைய சாலையில் மண் சரிந்தால் அடைத்துவிடுகிறார்கள். புதியது இருக்கும்போது இதைத் திறக்க அவசரம் எதற்கு என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஆனாலும் புதிய சாலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2010 அக்டோபர் 21-ஆம் தேதி மேகி புயல் தென்சீனக் கடலில் இருந்தபோது, அதன் ஈரக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இந்த மலையில் மோதின. சூ-ஆவில் ஒரே மணி நேரத்தில் 181.5 மில்லிமீட்டர் மழை. சாலை பல இடங்களில் பெயர்ந்து விழுந்தது. சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் பேருந்தும் சேர்ந்து போயிற்று. இறந்தவர்கள் 26 பேர். ஹுவாலியன் மக்கள் நெடுநாளாகக் கேட்டது பாதுகாப்பாக வீடு திரும்ப ஒரு சாலை. அதற்கு முன் பேசப்பட்ட அதிவேகச் சாலைத் திட்டத்தைச் சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் எட்டிய முடிவுதான் இந்தச் சீரமைப்பு. ஆபத்து மிகுந்த மூன்று பகுதிகளை மட்டும் சுரங்கமும் பாலமுமாக மாற்றுவது. மொத்தம் 38.8 கிலோமீட்டர், அதில் 24.5 கிலோமீட்டர் எட்டுச் சுரங்கங்களுக்குள். 2011-ல் வேலை தொடங்கி, 2020 ஜனவரி 6-ஆம் தேதி முழுவதும் திறந்தது. மருத்துவமனைக்கு விரைகிறவரும், விடுமுறைக்கு வீடு வருகிற பிள்ளைகளும் இருக்கும்போது, கடல் தெரியவில்லை என்பது ஒரு முறையீடாக நிற்காது.

மூன்று பகுதிகள் மட்டும் என்றேனே, அதுதான் சைக்கிளுக்குச் சோதனை. தோங்-ஆவிலிருந்து நான்-ஆவ் வரை பழைய சாலைதான் எல்லோருக்கும் சாலை. சுரங்கத்திலிருந்து வெளியே வந்த லாரிகள் அந்த வேகத்தோடே வந்து சேருகின்றன. நான்-ஆவ் ஊரில் தண்ணீர் பிடிக்க நிற்பது நல்லது. தைவானில் பல காவல் நிலையங்களில் சைக்கிள் பயணிகளுக்குக் காற்றடிக்கும் பம்பும் குடிநீரும் வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்க் கேட்டால் முகம் சுளிக்காமல் தருகிறார்கள். வண்டி வரிசைக்காகக் காத்திருந்தவர்களுக்குச் சோறு விற்ற ஊரில் இன்று இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சங்கிலிக் கடையில் முக்கோணச் சோற்றுப் பொட்டலம் வாங்கிச் சாப்பிடலாம்.

நான்-ஆவுக்குத் தெற்கே சாலை மறுபடி பிரிகிறது. கார்கள் நீண்ட சுரங்கங்களுக்குள் போய்விட, பழைய சாலை மேலே மலையில் ஏறுகிறது. இந்தப் பகுதியின் கீழ்முனையில் ஹான்பென் என்ற இடம். 2012-ல் புதிய சாலைக்காகத் தோண்டியபோது மண்ணுக்கடியில் ஒரு பழைய குடியிருப்பு வெளிப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. பலகைக்கல் சவப்பெட்டிகள், இரும்பு உருக்கிய தடயங்கள், பொன் தகடு, கண்ணாடி மணிகள் கிடைத்தன. 2016-ல் அதைத் தேசியத் தொல்லியல் களமாக அறிவித்தார்கள். அந்த மணிகளில் இந்தோ-பசிபிக் மணிகள் எனப்படும் சிறிய வகையும் உண்டு. உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்துத் துண்டுதுண்டாக நறுக்கிச் செய்வது. அந்தத் தொழில் நடந்த மிகப் பழைய இடங்களில் ஒன்று புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேடு. ஹான்பென் மணிகள் அரிக்கமேட்டிலிருந்தே போயின என்று சொல்ல முடியாது. தென்கிழக்காசியாவிலும் அந்தக் கைவினை பரவியிருந்தது. ஆயினும் சாலையே இல்லாத காலத்தில், மலையால் அடைபட்ட இந்தக் கரைக்குக் கடல்வழியே மணி வந்திருக்கிறது. இந்தக் கரை ஒதுங்கிக் கிடந்தது என்பது தரைவழியே வந்தவர்களின் கணக்கு.

ஹெப்பிங் தாண்டினால் சிமென்ட் ஆலையும் அதற்கான துறைமுகமும். மலையை வெட்டி எடுத்த தூசி சாலையில் படிந்திருக்கும். அதற்கப்பால்தான் பயணத்தின் கடினமான பகுதி. ஹெரென் முதல் சோங்தெ வரை பெரும்பாலும் புதுச் சாலையும் கிடையாது, வேறு வழியும் கிடையாது. பழைய சுரங்கங்களில் லாரியோடு சேர்ந்துதான் போகவேண்டும். நுழையும் முன் நிறுத்திக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, பின்விளக்கு எரிகிறதா என்று கையால் மறைத்துப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே சுவர் ஈரம், தார் ஈரம், ஓரத்தில் ஒரு முழம் இடம். லாரி இன்னும் தொலைவில் இருக்கும்போதே அதன் ஓசை சுவரில் மோதிப் பெருகி முதுகுக்குப் பின்னாலேயே வந்துவிட்டது போல் தோன்றும். திரும்பிப் பார்த்தால் கைப்பிடி ஆடும். முன்னே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து நேர்கோட்டில் மிதிக்கவேண்டும். லாரி கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். இழுப்பைத் தாங்கத் தோளைத் தளர்த்திப் பிடிப்பதே வழி. இந்த ஓட்டுநர்களில் பெரும்பாலோர் சைக்கிளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே வருகிறார்கள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வடக்கிலிருந்து தெற்கே போவதில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. குளிர்காலத்தில் வாடைக்காற்று முதுகில் பிடித்துத் தள்ளும். ஆனால் தைவானில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். தெற்கே போகிறவருக்கு வலப்பக்கம் மலை. கல் உருளுகிற பக்கம். தீவை முழுவதும் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றி வடக்கு நோக்கி வருவதால் அவர்களுக்குக் கடல் பக்கம் கிடைக்கிறது.

சுரங்கங்களுக்கு நடுவே சிங்ஷுய் பாறைச்சரிவு வருகிறது. 2,408 மீட்டர் உயர மலை கடலுக்குள் நேரே இறங்குகிறது. கீழே மணல் அதிகம் இல்லை. அலை நேரே பாறையில் அடிக்கிறது. பிலிப்பைன் கடல் தட்டும் யூரேசியத் தட்டும் முட்டிக்கொண்டு தீவை இன்னும் உயர்த்திக்கொண்டிருக்கும் இடம் இது. சுரங்க வாய்க்கு வெளியே, பாறையை ஒட்டி, பழைய ஒற்றை வண்டிப் பாதையின் துண்டு ஒன்று தெரியும். அதன் அகலத்தைப் பார்த்தால் நேரம் குறித்து வண்டி விட்ட காரணம் புரிந்துவிடும்.

2024 ஏப்ரல் 3 காலை 7.58-க்கு ஹுவாலியனுக்கு அருகே, உள்ளூர் அளவில் 7.2 ரிக்டர் நிலநடுக்கம். 18 பேர் இறந்தார்கள். இந்தச் சரிவில் பாறை விழுந்து கீழ்ச் சிங்ஷுய் பாலம் உடைந்தது. ரயில் மறுநாளே ஓடியது; சாலைக்கு வழியில்லை. அப்போது பொறியாளர்கள் திரும்பிப் பார்த்தது பக்கத்தில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த இன்னொரு பாலத்தை. 1930-ல் ஜப்பானியர் கட்டியது. அதைச் சரிபார்த்து மறுபடி வண்டிகளை விட்டார்கள். குறித்த நேரங்களில், கூட்டமாகச் சேர்த்து விட்டார்கள். 1990-ல் முடிந்துபோன முறை அந்த வாரங்களில் திரும்பி வந்தது. பழையதை இடித்து அள்ளியிருந்தால் ஊர் இன்னும் எத்தனை நாள் துண்டிக்கப்பட்டுக் கிடந்திருக்குமோ.

சாலை மட்டும் மாறவில்லை, சைக்கிளும் மாறியது. 1980-களில் உலகத்துக்கே சைக்கிள் செய்து அனுப்பிய நாடு தைவான். உள்நாட்டில் ஸ்கூட்டர் வந்த பிறகு சைக்கிள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் என்று ஆகிவிட்டது. 2007-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. செவித்திறன் குறைந்த மாணவர் ஒருவர் கிதாரோடு சைக்கிளில் தீவைச் சுற்றுகிற கதையாக, சென் ஹுவாய்-என் இயக்கிய படம் திரைக்கு வந்தது. ஜயன்ட் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கிங் லியு 73 வயதில் தானே தீவைச் சுற்றி வந்தார். அதன் பிறகு பட்டம் வாங்கியவர்களும் வேலையை விட்டவர்களும் ஓய்வுபெற்றவர்களும் கிளம்பினார்கள். 2015 இறுதியில் தீவைச் சுற்றும் சைக்கிள் பாதை எண் 1 அறிவிக்கப்பட்டது. அந்தப் பாதையிலேயே சூ-ஆவ் - ஹுவாலியன் பகுதியை ரயிலில் கடக்கும்படி பரிந்துரைக்கிறார்கள். தீவின் மிக அழகான கரையை, சைக்கிளுக்கென்றே வகுத்த பாதை தவிர்த்துப் போகவேண்டியிருக்கிறது. மிச்சமுள்ள மூன்று ஆபத்தான பகுதிகளையும் சுரங்கமாக்கும் அடுத்த கட்டத் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. அது முடிந்தால் லாரிகள் முழுவதும் உள்ளே போய்விடும். சரிவை ஒட்டிய பழைய சாலை சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் மிஞ்சும்.

மிஞ்சும் என்பது தானாக நடக்காது. பராமரிக்காத மலைச்சாலையை 1874-ன் பாதையைப் போலக் காடு சில ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளும். புதிய சுரங்கங்களுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கையாவது பழைய சாலையின் வடிகாலுக்கும் தடுப்புச் சுவருக்கும் ஆண்டுதோறும் எழுதி வைக்கவேண்டும். இரண்டு சாலையும் இருக்கும்போது ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும் என்பதை 2024 காட்டிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: முந்தின நாள் இரவு நெடுஞ்சாலைத் துறை அறிவிப்பில் பழைய சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பகலில் மட்டும் போங்கள். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். இரண்டு நாள் தொடர்ந்து மழை பெய்திருந்தால் மலைமேல் போகாதீர்கள். சூ-ஆவ் புதிய நிலையத்தில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் ரயில்கள் உண்டு.